இருபதுன்னு சொன்னேன்

உங்களுக்கும் எச்.ஆர். ரவுண்டுதானா சார்? உக்காருங்க, என் பைய இந்தப் பக்கம் எடுத்துக்கறேன். நேரமாகும். எனக்கு முன்னாடி ஒரு மேடம் உள்ள போயிருக்காங்க, இன்னும் வரல. சனிக்கிழமைங்கறதால ஒரே ஒருத்தர்தான் எல்லாரையும் பாக்கறாராம். ரிசப்ஷன்ல இருக்கற பொண்ணு சொல்லுச்சு.

டெக்னிக்கல் எல்லாம் முடிஞ்சுதுல்ல? அப்புறம் ஏன் சார் அந்த விசிட்டர் கார்டு கயிற இப்படி முறுக்கிட்டிருக்கீங்க? சம்பளம் பேசறது மட்டும்தான் பாக்கியா? 'மட்டும்தான்'னு சொல்லாதீங்க சார். டெக்னிக்கல்ல என்னைய காலைலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் கேள்வி கேக்கட்டும், அசராம பதில் சொல்லுவேன். இந்த ஒரு கேள்விக்குத்தான் நாக்கு ஒட்டிக்கும். 'எவ்ளோ எதிர்பாக்கறீங்க?'

நான் ஒரு தடவ அதுக்கு பதில் சொன்னேன். அத நெனச்சா இப்பவும், பஸ்ல போயிட்டிருந்தாக்கூட, கண்ண இறுக்க மூடிக்குவேன். பக்கத்து சீட்டுல இருக்கறவங்க தூங்கறான்னு நெனச்சுப்பாங்க.

சொல்லலாமா வேணாமான்னு தெரியல. வீட்ல சொல்லல, கூட வேலை செய்யறவங்ககிட்டயும் சொல்லல. உங்கள இனிமே நான் பாக்கப் போறதில்ல, அது ஒரு வசதி. ரெண்டு பேருக்கும் இங்கயே கெடச்சு பக்கத்துப் பக்கத்துல உக்கார வெச்சாங்கன்னா, அப்ப பாத்துக்கலாம்.

என் பேரு தணிகாசலம் சார். ஊரு குடியாத்தம் பக்கம், இப்ப மேடவாக்கத்துல இருக்கோம். டெஸ்டிங் லீட். மத்தவங்க எழுதின சாஃப்ட்வேர்ல எங்க தப்பு இருக்குன்னு தேடிக் கண்டுபிடிக்கற வேலை. ஒரே கம்பெனியில பதினாறு வருஷம். ஒரு தடவகூட எனக்கு இவ்ளோ வேணும்னு வாயத் திறந்து கேட்டதில்ல. வருஷா வருஷம் ஒரு லெட்டர் வரும், அதுல போட்டிருக்கறத வாங்கிப்பேன். அது நல்ல பழக்கம்னே நெனச்சுட்டிருந்தேன். என் மேனேஜரும் அப்படித்தான் சொல்லுவாரு, 'தணிகா மாதிரி ஆள் டீம்ல இருந்தா எனக்குத் தலவலியே இல்ல'ன்னு. அந்த மேனேஜர்தான் ஒரு வியாழக்கிழமை என்னய ரூமுக்குள்ள கூப்பிட்டு உக்கார வெச்சு, தண்ணி பாட்டில நகத்தி வெச்சாரு. அதுலயே புரிஞ்சுடுச்சு. அவரு அதுக்கு முன்னாடி எனக்கு எதையும் நகத்தி வெச்சதில்ல.

அப்புறம் ஏழு மாசம் வீட்ல. அந்த ஏழு மாசத்தப் பத்திச் சொல்ல ஆரம்பிச்சா நீங்க இண்டர்வியூவுக்கே போக மாட்டீங்க, விடுங்க. காலைல குளிச்சு இஸ்திரி போட்ட சட்டை போட்டுட்டு பெட்ரூம்ல லேப்டாப் முன்னாடி உக்காருவேன். பொண்ணு சம்யுக்தா அப்ப பிளஸ் டூ. அவ ஸ்கூல்ல இருந்து வரும்போது நான் வீட்ல இருக்கறது எனக்குப் புடிக்கல. அவ வர்ற நேரமாப் பாத்து கீழ போய் காய் வாங்கிட்டு வருவேன். இப்பதான் வெளிய இருந்து வர்ற மாதிரி.

அந்த சமயத்துலதான் மெர்லின்னு ஒரு பொண்ணு ஃபோன் பண்ணாங்க. கன்சல்டன்சி. கம்பெனிக்காரங்களுக்கு ஆள் தேடிக் குடுக்கறவங்க. நல்லா பேசுவாங்க. நான் குளிச்சுட்டிருக்கும்போது ஃபோன் வந்தா ரேணுகாதான் எடுப்பா. ரேணுகா என் வீட்டம்மா. ரெண்டு பேரும் என்ன பேசுவாங்கன்னு தெரியாது, வெளிய வந்து பாத்தா சிரிச்சுட்டிருப்பாங்க. எனக்கு அது புடிக்காது. வேலை இல்லாதவன் வீட்ல இருந்து சிரிப்புச் சத்தம் கேட்டா கன்சல்டன்சிக்காரங்க என்ன நெனப்பாங்க?

மூணு ரவுண்டு போச்சு. மூணும் பிரமாதமாப் பண்ணேன் சார். கடைசியில ஒரு பெரியவர், அந்தக் கம்பெனியில பெரிய ஆளு, 'நாங்க உங்கள மாதிரி ஒருத்தரத்தான் தேடிட்டிருந்தோம்'னாரு. மெர்லின் உடனே கூப்பிட்டாங்க. 'சார், நாளைக்கு எச்.ஆர். வீடியோ கால். பழைய சம்பளம் வருஷத்துக்குப் பதினேழரை லட்சம்னு சொன்னீங்கல்ல, நான் இருபதுன்னு பேசி வெச்சிருக்கேன். அவங்களுக்கும் ஒத்துப் போகுது. உங்களக் கேட்டா இருபதுன்னு சொல்லுங்க. அதுக்கு மேல ஒரு வார்த்த பேசாதீங்க.'

எனக்கு சந்தேகம் வந்துடுச்சு சார். இந்தப் பொண்ணு எதுக்கு என் சம்பளத்த ஏத்தி விடுது? அதிகமாக் கேட்டு, அவங்க வேணாம்னு சொல்லி, அந்த எடத்துல வேற யாரையாவது நுழைக்கப் போவுதோ? எனக்கு வர்ற சம்பளத்துல இத்தன சதவீதம்னுதான் அவங்களுக்குக் கூலியே. எனக்கு ஏறினா அவங்களுக்கும் ஏறும். இது எனக்கு அப்ப தெரியாது. நாப்பத்தேழு வயசுல இதெல்லாம் தெரியாம இருந்திருக்கேன்.

ரேணுகாகிட்ட சொன்னேன். அவளுக்கு இந்த ஐ.டி. சம்பளக் கணக்கெல்லாம் ஒண்ணும் தெரியாது சார். பி.காம். படிச்சவ, கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல நாலு வருஷம் இருந்தா, அவ்ளோதான். ஆனா பேரம் பேசறதுல கெட்டிக்காரி. அவ கூட கடைக்குப் போனா நான் வெளிய நின்னுக்குவேன், எனக்கு ஒடம்பெல்லாம் கூசும். 'ஏங்க, அந்தப் பொண்ணு இருபதுன்னு சொன்னா நீங்க இருபத்திரண்டுன்னு ஆரம்பிங்க'ன்னா. நான் முறைச்சேன். 'சரி, இருபதாவது சொல்லுங்க. என்னப் பாத்து ஒரு தடவ சொல்லுங்க'ன்னா. சொன்னேன். 'தரையப் பாத்து சொல்றீங்க. என்னப் பாத்து சொல்லுங்க'ன்னா. எழுந்து போயிட்டேன்.

மறுநாள் கால். பெட்ரூம் கதவ சாத்திட்டேன். சத்தம் வருதுன்னு ஃபேனையும் நிறுத்திட்டேன். அந்தப் பக்கம் அக்‌ஷய்னு ஒரு பையன். நம்ம வயசுல பாதி இருக்கும். நல்ல மரியாதையாத்தான் பேசினாரு. வீடு எங்க, எவ்ளோ தூரம், எப்ப சேர முடியும். அப்புறம் அந்தக் கேள்வி.

உங்களுக்குத் தெரியும், வீடியோ கால்ல நம்ம மூஞ்சியும் ஒரு ஓரத்துல தெரியும். அதப் பாத்துக்கிட்டே சொல்ல வேண்டியிருக்கு. இந்த மூஞ்சிக்கு இவ்ளோ குடுங்கன்னு.

'இருபது'ன்னேன். குரல் கம்மிடுச்சு, ஆனா சொல்லிட்டேன்.

அவரு ஒண்ணும் சொல்லல. அப்படியே என்னையே பாத்துட்டிருந்தாரு. வாய் லேசா ஒரு பக்கமா கோணிக்கிட்டிருந்துது. சிரிக்கறாரா, முகம் சுளிக்கறாரா, ஒண்ணும் தெரியல.

எனக்கு வேர்த்துடுச்சு. 'இல்ல சார், பதினெட்டுன்னாலும் ஓகேதான்'னேன். அந்தப் பையன நான் சார்னு கூப்பிட்டேன்.

அதுக்கும் அதே பார்வை.

'பழைய சம்பளமே பதினேழரைதான். அதே குடுத்தாக்கூட எனக்கு சந்தோஷம்தான்'னேன். பேச்சில்ல. 'நடுவுல ஏழு மாசம் கேப் இருக்கு, நீங்க யோசிக்கறது நியாயம்தான், பதினாறு'ன்னேன். அப்புறம் பதினஞ்சு. அதுக்கு அப்புறம் என்னென்னவோ சொன்னேன் சார். பொண்ணு காலேஜ் சேரணும்னு சொன்னேன். வேலைக்கு வந்துட்டாப் போதும், காசு பெருசில்லைன்னு சொன்னேன். 'பதினாலரை குடுங்க சார், அதுக்கு மேல ஒரு ரூபா கேக்க மாட்டேன்'னேன். கைய கூப்பலன்னு நெனைக்கறேன். கூப்பியிருந்தாலும் இருக்கும்.

அப்பத்தான் ஸ்க்ரீன்ல ஒரு சின்ன வட்டம் சுத்துச்சு. சுத்தி நின்னவுடனே அவரு கை ஆடுது, தல ஆடுது. 'சாரி சார், எங்க பக்கம் நெட் போயிடுச்சு. படம் அப்படியே நின்னுடுச்சு. நீங்க சொன்னது எதுவும் கேக்கல. கடைசியா பதினாலரைன்னு ஒண்ணு காதுல விழுந்துது. பதினாலரையா சார்?'

புரியுதா சார்? அந்த ஆளு என்கிட்ட பேரமே பேசல. ஒரு வார்த்த கொறைக்கச் சொல்லல. நின்னு போன ஒரு படத்துக்கிட்ட நானே பேசி, நானே கொறச்சு, நானே கெஞ்சி, அஞ்சரை லட்சத்த விட்டுக் குடுத்திருக்கேன்.

சிரிங்க, பரவால்ல. சிரிப்பு வரத்தான் செய்யும்.

அப்பவாவது இருபதுன்னு சொல்லியிருக்கலாமேன்னு கேக்கறீங்க. கேக்கலாம். நானும் தெனம் கேட்டுக்கறேன். அவரு காதுலதான் எதுவும் விழலையே, 'இல்லைங்க, இருபது'ன்னா முடிஞ்சுது. ஆனா முடியல சார். எறங்கி வந்தாச்சு. திரும்ப மேல ஏற எனக்குக் கால் இல்ல. 'ஆமா சார், பதினாலரைதான்'னேன். அந்தப் பையனுக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு. 'ஷ்யூரா சார்?'னு திரும்பக் கேட்டாரு. ஷ்யூர்னேன். தேங்க்ஸ் வேற சொன்னேன்.

கதவத் திறந்தா ரேணுகா நிக்கறா. கையில துண்டு. நான் வேர்த்துக் கொட்டறதப் பாத்துட்டு துண்டக் குடுத்தா. 'என்னாச்சு?'ன்னு கேட்டா.

'கெடச்சுடுச்சு'ன்னேன்.

'எவ்ளோ?'

'இருபது.'

அப்படியே வந்துடுச்சு சார். முன்னாடியே யோசிச்சு வெச்சதெல்லாம் இல்ல. அவ கொஞ்ச நேரம் என்னையே பாத்தா. அப்புறம், 'நல்லது'ன்னா. 'மூஞ்சியத் தொடைங்க, காபி போடறேன்'னு உள்ள போயிட்டா. கல்யாணமாகி இருபது வருஷத்துல நான் அவகிட்ட சொன்ன மொத பெரிய பொய் அது. அவளுக்கு அப்படியொரு சந்தோஷம் வரும்னு எதிர்பாத்தேன், அந்த அளவுக்கு வரலைங்கறதுகூட எனக்கு அப்ப ஒரு சின்ன வருத்தம்.

சாயங்காலம் மெர்லின் கூப்பிட்டாங்க. எடுத்தவுடனே திட்டு. 'என்ன சார் பண்ணி வெச்சிருக்கீங்க? இருபதுக்கு அவங்க மேலிடத்துல கையெழுத்தே வாங்கி வெச்சிருந்தாங்க. பதினாலரைன்னு நீங்களே கேட்டீங்களாமே?' மாடியில தண்ணி டேங்க் பக்கத்துல நின்னு பேசினேன். 'வீட்ல யாருக்கும் தெரிய வேணாம்மா'ன்னேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்ல. அந்தத் தடவ நெட் பிரச்சனை இல்ல.

சரி, பொய் சொல்லியாச்சு. அத நடத்திக் காட்டணுமே. இருபதுக்கும் பதினாலரைக்கும் கைக்கு வர்றதுல மாசம் முப்பதாயிரம் கிட்ட வித்தியாசம் வரும். பழைய கம்பெனியில அனுப்பும்போது குடுத்த பணம் வேற ஒரு பேங்க்ல போட்டு வெச்சிருந்தேன். சம்பளம் விழுற கணக்கு எங்க ரெண்டு பேருக்கும் பொதுக் கணக்கு. சம்பளம் விழுந்த மறுநாள் அந்த பேங்க்ல இருந்து இதுக்கு முப்பதாயிரத்த மாத்திடுவேன். பேங்க் மெசேஜ் ரேணுகா ஃபோனுக்குத்தான் போகும். ரெண்டாவது மாசம் அவளே கேட்டா, 'உங்க புது ஆபீஸ்ல சம்பளம் ரெண்டு தவணையாப் போடறாங்களா?'ன்னு. வேரியபிள் பே, வேலையப் பாத்து மேல போட்டுக் குடுக்கறது, தனியாத்தான் வரும்னேன். 'ஓ'ன்னா. நம்பிட்டா.

மனசுக்குள்ள ஒரு பக்கம் அரிக்கும். இன்னொரு பக்கம், வீட்ல யாருக்கும் ஒரு கொறையும் தெரியாம ஓட்டறோமேன்னு ஒரு திருப்தியும் இருந்துது. பொய் சொல்லல சார், இருந்துது. ஆனா பாருங்க, என் வீட்டம்மா நடந்துக்கிட்ட விதம்தான் எனக்குப் புரியல. இருபது லட்சம் வாங்கறவன் பொண்டாட்டி மாதிரியே அவ நடந்துக்கல.

அவ அண்ணன் அரக்கோணத்துல வீடு கட்டி கிரகப்பிரவேசம் வெச்சாரு. பந்தியில எல்லார் முன்னாடியும், 'மாப்ள, இருபதாமே, கேட்டு வாங்கிட்டீங்களே'ன்னு தோளத் தட்டறாரு. நான் குனிஞ்சு அப்பளத்த நொறுக்கினேன். இவ என்ன செய்யணும்? கூட ஒரு வார்த்த பெருமையா சொல்லணுமா இல்லையா? 'அந்தப் பேச்சு இப்ப எதுக்குண்ணா, சாம்பார் கேக்கறாங்க பாரு'ன்னு பேச்ச வெட்டி விட்டுட்டா. புருஷன் சம்பளத்தச் சொல்லக் கூச்சப்படறாளேன்னு வர்ற வழியெல்லாம் நான் அவகூட சரியாப் பேசல.

சம்யுக்தாவுக்கு கோயம்புத்தூர்ல ஒரு காலேஜ்ல எடம் கெடச்சுது. ஹாஸ்டல்ல சேக்கணும். நான் எப்படியும் சமாளிச்சிருப்பேன். இவ பொண்ணத் தனியா உக்கார வெச்சு என்ன பேசினாளோ, ரெண்டு பேரும் சேந்து வந்து, தாம்பரம் பக்கத்துலயே நல்ல காலேஜ் இருக்கு, பஸ்லயே போயிட்டு வந்துடறேன்னாங்க. எனக்குக் கோவம். 'நான் சம்பாதிக்கறது எதுக்கு?'ன்னு கத்தினேன். சம்யுக்தா அம்மாவப் பாத்தா. அவ தலையாட்டினா. அந்தப் பொண்ணு ஒண்ணும் சொல்லாம உள்ள போயிடுச்சு.

அதுக்கு மேல ஒண்ணு. நாலு மாசம் முன்னாடி திடீர்னு ரேணுகா, ஸ்கேன் சென்டர்ல வேலைக்குப் போறேன்னு நிக்கறா. கணக்கு பாக்கற வேலை. அங்க பதினாறாயிரம்னு சொன்னாங்களாம். இவ இருபத்திநாலு கேட்டாளாம். பதினெட்டுக்கு வந்தாங்களாம். 'சரிங்க, வேற ஆள் பாத்துக்கோங்க'ன்னு பைய எடுத்துட்டு படி எறங்கியே போயிட்டாளாம். கீழ வர்றதுக்குள்ள டாக்டரே ஆள் அனுப்பி கூப்பிட்டு இருபத்திரண்டு குடுத்தாராம். இத எனக்கு தோசை சுட்டுக்கிட்டே சொல்றா. நான் தட்டப் பாத்துட்டு உக்காந்திருந்தேன். இவளுக்கு இப்ப வேலைக்குப் போகணும்னு என்ன தலையெழுத்து? எனக்கு எவ்ளோ அவமானம்? ஊர்ல கேட்டா என்ன சொல்லுவாங்க? கேட்டேன். 'வீட்ல சும்மா உக்காந்திருக்க முடியலங்க'ன்னா. அதுதான் காரணம்னு நானும் விட்டுட்டேன்.

பாருங்க, இந்த வருஷம் பூரா என்ன நடந்துதுன்னா, நான் பணத்த உள்ள ஊத்தறேன், அவ செலவக் கொறைச்சுக்கிட்டே போறா. பொதுக் கணக்குல பணம் சேந்துட்டே இருக்கு. முப்பதாயிரம் மாசா மாசம் போடறேன், முப்பதாயிரம் செலவாகாம அப்படியே நிக்குது. கருமித்தனம்னு நெனச்சேன். பொம்பளைங்களுக்கு வயசானா வந்துடும்னு நெனச்சேன்.

இந்தப் பக்கம் அந்த வேற பேங்க்ல இருந்த பணம் கரைஞ்சுடுச்சு. இன்னும் ரெண்டு மாசத்துக்குத்தான் வரும். என்ன பண்றதுன்னு தெரியாம முழிச்சுட்டிருக்கும்போது, போன வாரம் மெர்லின் கூப்பிட்டாங்க. ஒரு வருஷம் கழிச்சு. நான் அவங்களக் கூப்பிடவே இல்ல. எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு கூப்பிடறது? அவங்களேதான். 'சார், உங்களுக்குன்னே ஒரு எடம் வந்திருக்கு. இந்தத் தடவ இருபத்தொண்ணு பேசியிருக்கேன். இருபதுக்குக் கீழ ஒத்துக்கவே கூடாதுன்னு கண்டிஷன்'னாங்க. யாரோட கண்டிஷன்னு நான் கேக்கல. கம்பெனியில அப்படிச் சொல்லியிருப்பாங்கன்னு நெனச்சேன். எச்.ஆர். ரவுண்டு நேர்லதான்னும் சொல்லிட்டாங்க, 'வீடியோ கால் உங்களுக்கு வேணாம் சார், நான் ஆபீஸ்லயே ஏற்பாடு பண்ணச் சொல்லிட்டேன்'னு. ஞாபகம் வெச்சிருக்காங்க பாருங்க. நல்ல பொண்ணு. நான் சந்தேகப்பட்டேன்.

வீட்ல ரேணுகாகிட்ட இன்னிக்கு ஆபீஸ்ல அவசர வேலைன்னு சொல்லிட்டுத்தான் வந்திருக்கேன். கெடச்சுட்டா பொய் உண்மையாயிடும்ல? உண்மையிலேயே இருபது வாங்க ஆரம்பிச்சுட்டா, அந்த ஒரு வருஷத்த யாரும் தோண்டப் போறதில்ல. அவளுக்குத் தெரியாமலே முடிஞ்சுடும். காலைல அவளே இந்த வெளிர் நீலச் சட்டைய எடுத்து வெச்சிருந்தா. சனிக்கிழமை ஆபீஸுக்கு எதுக்கு இவ்ளோன்னு கேட்டேன். போட்டுக்கோங்க, நல்லா இருக்கும்னா.

என்ன கேட்டீங்க?

மெசேஜ்லயா?

முப்பதாயிரம் போட்டா, பேங்க் மெசேஜ்ல... அனுப்பினது யாருன்னு பேர் வருமா?

வரும். வரும் சார். எனக்கு வேற யாராவது அனுப்பினா பேர் வருதே. அப்ப நான் அனுப்பினா அவ ஃபோன்ல...

தணிகாசலம்னு வரும்.

ஒரு நிமிஷம் இருங்க சார். மாசா மாசம் அவ ஃபோன்ல என் பேர்ல இருந்து முப்பதாயிரம் வந்திருக்கு. ஆடிட்டர் ஆபீஸ்ல இருந்தவ. ரெண்டு தவணையான்னு கேட்டாளே. 'ஓ'ன்னாளே. நான் தப்பு கண்டுபிடிக்கற வேலை செய்யறவன் சார். பதினேழு வருஷமா அதுக்குத்தான் சம்பளம் வாங்கறேன்.

அப்ப அந்த ஸ்கேன் சென்டர். காலேஜ். அண்ணன் வீட்ல பேச்ச வெட்டினது. பணம் செலவாகாம நின்னுது... அவ அத எனக்காக அப்படியே எடுத்து வெச்சிருக்கா. மெர்லின் நம்பர் அவகிட்ட இருக்கும். நான் குளிக்கும்போது அவதானே எடுப்பா. கண்டிஷன்னாங்களே. யாரோட கண்டிஷன்?

சார், என்னக் கூப்பிட்டா அஞ்சு நிமிஷத்துல வந்துடறேன்னு சொல்றீங்களா? ஒரு ஃபோன் பண்ணிட்டு வரேன். பை இங்கயே இருக்கட்டும்.

வந்துட்டேன். இன்னும் கூப்பிடலல்ல? நல்லது. அந்த மேடம் வந்துட்டாங்களா? சரி, அப்ப அடுத்தது நான்தான்.

பேசினேன். லிஃப்ட் பக்கத்துல நின்னு. 'ரேணு, நான் ஆபீஸ்ல இல்ல'ன்னேன். 'தெரியும்'னா. ஸ்கேன் சென்டர்ல இருக்கா, பின்னால டோக்கன் கூப்பிடற சத்தம் கேக்குது. 'எப்பத்துல இருந்து தெரியும்?'னு கேட்டேன். மெசேஜ் வந்த மாசத்துல இருந்துன்னு சொல்லுவான்னு நெனச்சேன்.

'அன்னிக்கே தெரியும்'னா. 'கதவுக்கு வெளியதான நின்னுட்டிருந்தேன். உள்ள ஃபேன் வேற ஓடல. இருபதுல இருந்து பதினாலரை வரைக்கும் எல்லாம் கேட்டுது'ன்னா.

எல்லாமேயான்னு கேட்டேன். எல்லாமேன்னா. பொண்ணு காலேஜ்னு சொன்னது, ஒரு ரூபா கேக்க மாட்டேன்னு சொன்னது, எல்லாமே. அதக் கேட்டுட்டுத்தான் உள்ள போய் துண்டு எடுத்துட்டு வந்து நின்னிருக்கா. அதுக்கு அப்புறம்தான் நான் கதவத் திறந்து, அவ மூஞ்சியப் பாத்து, இருபதுன்னு சொல்லியிருக்கேன்.

'அப்பவே கேட்டிருக்கலாம்ல ரேணு'ன்னேன். 'கேட்டிருந்தா நீங்க திரும்ப ஒரு இண்டர்வியூவுக்குப் போயிருப்பீங்களா?'ன்னா. அவளே பேசினா. 'எனக்குக் கோவம் இருந்துது. இல்லைன்னு சொல்ல மாட்டேன். பணத்துக்காக இல்ல. கோயம்புத்தூர் வேணாம்னு பொண்ணுகிட்ட நான் பேச வேண்டியிருந்துதுல்ல, அன்னிக்கு. அது ராத்திரி பூரா அழுதுச்சு. உங்களுக்குத் தெரியாது'ன்னா.

தெரியாது சார். அன்னிக்கு நான் கத்திட்டு, டி.வி. பாத்துட்டு, படுத்துட்டேன்.

சம்யுக்தாவுக்கும் தெரிஞ்சிருக்கு. அதான் அன்னிக்கு அம்மாவப் பாத்துட்டு வாய மூடிட்டு உள்ள போயிருக்கு. ஒரு வருஷமா எங்க வீட்ல ரெண்டு பேர் எனக்காக நம்பற மாதிரி இருந்திருக்காங்க. நான்தான் அவங்கள ஏமாத்தறேன்னு நெனச்சுட்டு, பெரிய மனுஷன் மாதிரி சாப்பாட்டுல உப்பு கம்மின்னு சொல்லிட்டு உக்காந்திருந்திருக்கேன்.

'நான் வீட்டுக்கு வந்துடட்டுமா?'ன்னு கேட்டேன். நெஜமாத்தான் கேட்டேன் சார். இந்த நெலமையில உள்ள போய் என் விலை இவ்ளோன்னு எப்படிச் சொல்றது?

அதுக்கு அவ சொன்னா, 'என் மூஞ்சியப் பாத்து கண்ணு சிமிட்டாம இருபதுன்னு சொன்னீங்க. குரல்கூட நடுங்கல. அதே மாதிரி உள்ள போய் சொல்லிட்டு வாங்க. அங்க சொன்னா அது பொய் இல்ல.' சொல்லிட்டு, டோக்கன் நம்பர் கூப்பிடறாங்க, ஆள் நிக்கறாங்கன்னு வெச்சுட்டா.

வெக்கமா இருக்கு சார். பதினாலரைக்கு ஒத்துக்கிட்டதுக்கு இல்ல. அத இனிமே சிரிச்சுட்டே சொல்லிடுவேன்னு நெனைக்கறேன். முன்னப் பின்ன தெரியாத ஒரு பையன்கிட்ட என் உண்மையான விலையக் கேக்கறதுக்கு அப்படி நடுங்கினவன், வீட்டுக்காரிகிட்ட பொய்யச் சொல்லும்போது நடுங்கல பாருங்க. அத அவ பக்கத்துல நின்னு பாத்திருக்கா.

என் பேரத்தான் கூப்பிடறாங்க. ஆமாங்க, தணிகாசலம், நான்தான். இதோ வரேன்.